முன்பல் இல்லாத சீசன்

முதல் கோப்பையிலேயே இரும்பு வாடை அடித்தது.

கரண்டியை அலசிவிட்டு இரண்டாவது கோப்பைக்குப் போனேன். அதிலும் இரும்பு. மூன்றாவதில் இன்னும் கூடுதல். துருப்பிடித்த ஆணியைப் பல்லில் கடித்துக்கொண்டு நிற்பதுபோல இருந்தது.

மேசைக்கு அந்தப் பக்கம் தோட்டத்து மேனேஜரான தொரை நின்றார். அவருக்குப் பக்கத்தில் கொழும்பிலிருந்து வந்திருந்த தேயிலை ஏலக் கம்பெனிக்காரர், கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். வெளியே கச்சான் காற்று அந்த வாரம்தான் எழும்பியிருந்தது. தகரக் கூரை படபடத்தது.

இந்தத் தொடரை நடுவில் பிடித்தவர்களுக்காக ஒரு வார்த்தை. நான் ஹாலிஎலைக்கு மேலே ஒரு தோட்டத்தில் டீமேக்கர். கொழுந்து ஸ்டோருக்குள் நுழைவதிலிருந்து தேயிலையாகச் சாக்கில் போகும்வரை அதற்கு நான்தான் பொறுப்பு. ஸ்டோர் என்று எங்கள் ஆட்கள் சொல்வது தேயிலை பெக்டரியை. தொழிலாளர் லயத்தில் பிறந்தவன் அந்த மேசைக்கு முன்னால் நிற்பது எங்கள் பக்கத்தில் அவ்வளவு சுலபமாக நடக்கிற காரியம் இல்லை. அதனால் அந்த இடத்தின்மேல் எனக்குக் கொஞ்சம் வெறி உண்டு, ஒப்புக்கொள்கிறேன்.

கச்சான் காற்று அடிக்கிற அந்தச் சில வாரங்கள்தான் எங்கள் ஊவா மாகாணத்தின் சீசன். மலை காயும். கொழுந்து சுருங்கும். வேறெந்த மலையிலும் வராத ஒரு குளிர்ச்சியான வாசம் எங்கள் தேயிலையில் ஏறும். வருடம் முழுவதும் உழைப்பது அதற்காகத்தான் என்றே சொல்லலாம். அந்த வாசத்தின் முதல் வாரத்தில்தான் என் கோப்பைகளில் இரும்பு வந்து நின்றது.

"என்னா டீமேக்கர்?" என்றார் தொரை.

"மெஷின்ல கோளாறுங்க. எல்லாக் கப்புலயும் இரும்பு அடிக்குது. ரோலரை நிப்பாட்டணும்."

தொரையின் முகம் மாறியது. "மேல கொழுந்து வாடிக் கெடக்கு. இப்ப நிப்பாட்டினா அது என்னாகும்?"

"அரைச்சா மட்டும் என்னாகும்? இதையா கொழும்புக்கு அனுப்புறது?"

அசிஸ்டன்ட் டீமேக்கர் யோகநாதனும் கரண்டியை எடுத்துச் சுவைத்துப் பார்த்தான். முப்பது வயதைத் தாண்டியவன், கல்யாணமானவன். ஆனால் அவன் சுவைக்கிற அழகைப் பார்த்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். சத்தமே வராது. கல்யாண வீட்டில் புதுமாப்பிள்ளை பாயசம் குடிப்பதுபோலத் தொட்டும் தொடாமலும் உறிஞ்சுவான்.

"எனக்கு ஒன்னும் தெரியலீங்க ஐயா" என்றான்.

"ஒனக்கு என்னைக்குத் தெரிஞ்சிருக்கு?"

கொழுந்தை அரைக்கிற ரோலரை நிறுத்தச் சொன்னேன். காதுக்குள் எந்நேரமும் ஓடிக்கொண்டிருந்த இரைச்சல் சட்டென்று நின்றது. ரோலர் பார்க்கும் மாரிமுத்து படியேறி ஓடிவந்து வாசலில் நின்றார். என்னைவிட மூத்தவர்.

"நேத்து சாயங்காலம்தான் கழுவித் தொடச்சேனுங்க. துருவுன்னு ஒரு பொட்டு இல்லீங்க. வந்து பாருங்க."

சீசன் நேரத்தில் மெஷினைக் கெடுத்தவர் என்று ஒருவர்மேல் பெயர் விழுந்தால் அது லேசில் போகாது. அது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். ஆனால் என் நாக்கு பொய் சொல்லாது என்று நான் நம்பினேன்.

மெஷினில் இல்லையென்றால் தண்ணீரில் இருக்க வேண்டும். கேத்தலில் துரு இருக்கலாம். "வெறும் வெந்நீர் ஊத்துங்க" என்றேன். யோகநாதன் ஒரு கரண்டி வெந்நீரை நீட்டினான்.

அந்தக் கரண்டி அப்படியே நிற்கட்டும். நான் அந்த மேசைக்கு எந்த வாயோடு வந்து நின்றேன் என்பதைச் சொல்லாமல் மேலே போக முடியாது.

பிடுங்குவதற்கு மட்டும்

எங்கள் ஆட்களுக்குப் பல் வைத்தியம் என்றால் ஒன்றே ஒன்றுதான். பிடுங்குவது.

நான் சிறுவனாக இருந்த காலத்தில் தோட்டத்து டிஸ்பென்சரியில் இதற்கென்று ஒரு நாள் உண்டு. பல்வலிக்காரர்கள் கன்னத்தில் துணி கட்டிக்கொண்டு வரிசையில் நிற்பார்கள். கிராம்புத் தைல வாசம் ரோடு வரைக்கும் வரும். ஓட்டைப் பல், ஆடுகிற பல், கெட்ட பல்லுக்குப் பக்கத்தில் இருந்த பாவத்துக்குச் சேர்ந்து போன நல்ல பல் என்று எல்லாம் ஒரே பீங்கான் தட்டில் விழும். அடைக்கலாமா, காப்பாற்றலாமா என்று யாரும் கேட்டதில்லை. போனதுக்குப் பதிலாக ஒன்று வைக்கலாம் என்ற எண்ணமே யாருக்கும் வந்ததில்லை. இன்றைக்கு நினைத்தாலும் கோபம் வருகிறது. நாற்பது வயதுக்குள் முழு வாயும் காலியாகிப்போன மனிதர்கள் எத்தனை பேர்! பழைய கல்யாண போட்டோக்களில் பெரியவர்கள் எல்லோரும் ஏன் வாயை இறுக்கி மூடியிருக்கிறார்கள் என்று என் மகள் ஒருமுறை கேட்டாள். மரியாதைக்காக என்று சொல்லி வைத்தேன்.

எங்கள் டிவிசனில் பல் கட்டியிருந்தவர் ஒரே ஒருவர், பெரிய கங்காணி. கழற்றி மாட்டுகிற பிளேட்டுப் பல். பெரட்டுக் களத்தில், அதுதான் விடியற்காலையில் ஆட்களை வேலைக்குப் பிரித்து அனுப்பும் இடம், அவர் குரலுக்கு நாய்கூடக் குரைக்காது. ஒருநாள் பிந்தி வந்த ஒரு பெண்ணைப் பார்த்து அடிவயிற்றிலிருந்து கத்தினார். வசவு வருவதற்கு முன்னால் பல் வந்தது. பறந்துபோய் அவள் கூடைக்குள்ளேயே விழுந்தது.

அவள் அதை எடுத்து இடுப்பில் கட்டியிருந்த படங்குச் சாக்கின் நுனியில் துடைத்து மரியாதையாகக் கொண்டுவந்து கொடுத்தாள். பெரட்டில் ஒருவரும் சிரிக்கவில்லை. மலைக்கு ஏறிய பிறகு சிரித்த சிரிப்பு பக்கத்து டிவிசன் வரைக்கும் கேட்டதாம். அதன்பிறகு கங்காணி வாயைக் கையால் மூடிக்கொண்டுதான் கத்துவார். கையால் மூடிக்கொண்டு கத்துகிற மனிதருக்கு யார் பயப்படுவார்கள்?

துணிக்கடைக்கு மேலே

என் பல் போன கதையில் வீரம் எதுவும் இல்லை. மழை ஒழுகிய ஸ்டோர் இரும்புப் படியில் சறுக்கி, கைப்பிடிக் கம்பியில் முகம் மோதியது. மேல்வரிசை முன்பல் ஒன்று ஈறோடு முறிந்தது. சீசனுக்குக் கொஞ்ச நாள் முன்புதான்.

பதுளை கடைவீதியில் ஒரு துணிக்கடைக்கு மேல்மாடியில் டொக்டர் மீனலோசனியின் பல் கிளினிக் இருக்கிறது. கீழே இருப்பது அவருடைய அப்பாவின் கடை. மாடிப்படி ஏறும்போது புதுத்துணிக் கஞ்சி வாசமும் மருந்து வாசமும் ஒன்றாக மூக்கில் ஏறும். கெட்டிக்காரப் பெண், சிரித்த முகம். ஆனால் கையில் கருவியை எடுத்துவிட்டால் அதட்டல்தான்.

படம் எடுத்துப் பார்த்தார். "வேரு நல்லா இருந்திருந்தா உள்ள சுத்தம் பண்ணி, மேல ஒரு மூடி போட்டு அதே பல்லை வச்சிருக்கலாம். ஒங்களுக்கு வேரே நீளவாக்குல வெடிச்சிருக்கு. எடுத்துத்தான் ஆகணும்."

"எடுத்துட்டு?"

"மூணு வழி இருக்கு."

நாற்காலியில் மல்லாந்து கிடந்தபடி கேட்டுக்கொண்டேன். என் மனைவி சரோஜா சுவரோரம் உட்கார்ந்து தலையாட்டிக்கொண்டிருந்தாள்.

"ஒன்னு, கழட்டி மாட்டுற பிளேட்டு. சீக்கிரம் முடிஞ்சிரும். ஆனா அண்ணத்தை மூடிக்கிட்டு இருக்கும். சூடு, ருசி எல்லாம் கொஞ்சம் மந்தமாத் தெரியும். ரெண்டாவது பிரிட்ஜ். பக்கத்துப் பல்லு ரெண்டையும் சீவி, மூணையும் சேத்து ஒரே மூடியாப் போடுறது. கழட்ட வேண்டியதில்ல. ஆனா ஒங்களுக்கு அந்த ரெண்டும் நல்ல பல்லு. ஒரு கிழிசலுக்காக ரெண்டு புதுத் துணியை வெட்டுற மாதிரி, எனக்கே மனசு வரல. மூணாவது இம்பிளான்ட். எலும்புல ஒரு சின்னத் திருகை எறக்கி, எலும்பு அதைப் புடிச்சுக்கிட்டதும் அது மேல பல்லு வைக்கிறது. மாசக்கணக்குல பொறுமை வேணும். புடிச்சிருச்சுன்னா ஒங்க சொந்தப் பல்லு மாதிரிதான்."

பிளேட்டு என்றதும் எனக்குக் கங்காணியின் பல் பறந்தது கண்ணுக்குள் ஓடியது. போதாக்குறைக்கு அண்ணத்தையும் மூடுமாம்.

"எனக்கு ருசி முக்கியம் டொக்டர்" என்றேன்.

"சாப்பாட்டுப் பிரியரா?" என்று சிரித்தார். சரோஜாவும் சிரித்தாள். நானும் விட்டுவிட்டேன். தோட்டத்து பெக்டரியில் உத்தியோகம் என்று மட்டும் சொல்லியிருந்தேன். டவுனில் வளர்ந்த பெண். பெக்டரிக்குள் நாங்கள் வாயால் என்ன செய்கிறோம் என்று அவருக்கு எப்படித் தெரியும்?

திருகு என்றே முடிவானது. செலவைப் பற்றி எழுதப் போவதில்லை. இந்தப் பத்திரிகையைச் சரோஜாவும் படிப்பாள்.

பல்லை எடுத்த கையோடு திருகையும் இறக்கி, இடைவெளியில் எலும்புத் தூள் வைத்துத் தையல் போட்டார். பிறகு விசாரணை.

"சிகரெட்?"

"இல்ல."

"வெத்தலை?"

"தொடுறதில்ல."

"ஸ்ட்ரோ போட்டுக் குடிக்கக் கூடாது. உறிஞ்சிக் குடிக்கக் கூடாது. சூடா எதுவும் குடிக்கக் கூடாது. டீ எத்தனை வேளை?"

"காலையில ஒரு தடவை. அதுவும் இவ போட்டாத்தான்."

"அதையும் ஆற வச்சு, மெதுவாக் குடிங்க."

"சரிங்க."

நான் பொய் சொல்லவில்லை. எங்கள் தொழிலில் இருக்கிற யாரைக் கேட்டாலும் இந்தப் பதிலைத்தான் சொல்வார்கள். குடிப்பது வேறு, சுவைப்பது வேறு. ஒரு கரண்டி டீயைக் காற்றோடு சேர்த்து ஒரே இழுப்பாக இழுக்க வேண்டும். அது நாக்கிலும் அண்ணத்திலும் சிதறி, வாசம் தொண்டை வழியாக மூக்குக்கு ஏற வேண்டும். ஏறியதும் துப்பிவிட வேண்டும். நாள் முழுக்க எத்தனை கோப்பை போனாலும் தொண்டைக்குள் ஒரு சொட்டு இறங்காது. அதைப் போய் டீ குடிப்பது என்று யார் கணக்கில் வைப்பார்கள்?

வீட்டில் இருக்கச் சொல்லி டொக்டர் துண்டுச் சீட்டு கொடுத்தார். இருந்தேன். காற்று மாறியது. ஜன்னல் வழியாக வந்த காற்றில் ஈரம் இல்லை. அதற்குமேல் வீட்டில் இருக்க என்னால் முடியவில்லை. வலி மாத்திரையை விழுங்கிவிட்டு ஸ்டோருக்குக் கிளம்பினேன்.

வெள்ளைக் கோப்பை

இனி அந்தக் கரண்டிக்கு வருவோம்.

வெந்நீரை வாயின் ஓரமாக வைத்து இழுத்தேன். இரும்பு அடித்தது. "கேத்தல்தான்!" என்று சொல்ல வாயெடுத்தேன். எப்போதும் துப்புகிற தொட்டியை, வெந்நீர்க் கேத்தலுக்கு இடம்விட்டுப் பின்னால் தள்ளி வைத்திருந்தார்கள். அவசரத்துக்குக் கையில் அகப்பட்ட வெள்ளைக் கோப்பையில் துப்பினேன்.

கோப்பை சிவப்பாக இருந்தது.

வெறும் தண்ணீரைத்தான் துப்பியிருந்தேன். ஒரு கணம் யாருக்கும் எதுவும் புரியவில்லை. ஏலக் கம்பெனிக்காரர் ஓர் அடி பின்வாங்கினார். மாரிமுத்துதான் முதலில் பேசினார்.

"ஐயா... ஒங்க வாயி!"

கைக்குட்டையை வைத்து அழுத்தினேன். நனைந்துவிட்டது. மருந்து வேகத்தில் எனக்கு வலிக்கவே இல்லை. இவ்வளவு நேரமும் என் தையல் பிரிந்து ரத்தம் கசிந்துகொண்டிருந்திருக்கிறது. டீயும் அதே நிறம். தொட்டிக்குள் துப்பியதில் எது டீ, எது ரத்தம் என்று கடவுளுக்கே தெரிந்திருக்காது. என் ரத்தத்தைச் சுவைத்துவிட்டு மாரிமுத்துவின் மெஷினை நிறுத்தியிருக்கிறேன்.

"ரோலரைப் போடு" என்றார் தொரை. என்னைப் பார்க்காமல் யோகநாதனைப் பார்த்துச் சொன்னார்.

கீழே இரைச்சல் மறுபடி எழும்பியது. அந்தச் சத்தம் என்னை நெஞ்சில் பிடித்துத் தள்ளியதுபோல இருந்தது. மாரிமுத்துவின் தோளைத் தொட்டேன். அவர் என் கையைப் பிடித்துப் படியில் இறக்கிவிட்டார்.

"நான் குடிக்கல டொக்டர்"

பதுளைக்குப் போகிற வழியெல்லாம் சரோஜா ஒரு வார்த்தை பேசவில்லை. அவள் திட்டாமல் வந்தால்தான் எனக்குப் பயம்.

டொக்டர் விளக்கை இழுத்துப் பார்த்தார். சிரித்த முகம் போய்விட்டது.

"உறிஞ்சக் கூடாதுன்னு சொன்னேனா இல்லையா?"

"சொன்னீங்க."

"சூடா டீ குடிக்காதீங்கன்னு சொன்னேனா?"

"நான் குடிக்கல டொக்டர். எல்லாத்தையும் துப்பிட்டேன்."

டொக்டர் திரும்பி சரோஜாவைப் பார்த்தார். அதற்காகவே காத்திருந்தவள்போல அவள் கொட்டித் தீர்த்தாள். "இவருக்கு அதான் வேலைங்க டொக்டர். காலையில இருந்து டீயை இழுக்கிறதும் துப்புறதும். டவுன் கடையில நின்னு டீ குடிச்சாக்கூட அந்தச் சத்தத்துக்கு நாலு பேரு திரும்பிப் பாப்பாங்க. நான் தள்ளிப்போய் நின்னுக்குவேன்."

"எவ்வளவு வேகமா இழுப்பீங்க? காட்டுங்..." என்று தொடங்கியவர் பாதியில் கையை உயர்த்தி, "ஐயோ, வேணாம் வேணாம்!" என்றார்.

மறுபடி படம் எடுத்தார். மறுபடி சுத்தம் செய்தார். ஊசி, தையல். நான் கூரையையே பார்த்துக்கொண்டு கிடந்தேன். கீழே துணிக்கடையில் யாரோ துணி கிழிக்கிற சத்தம் சர்ரென்று கேட்டது. ஒவ்வொரு கிழிப்புக்கும் என் கால்விரல் மடங்கியது.

"திருகு இன்னும் அசையல" என்றார் கடைசியில். "ஆனா வச்ச எலும்புத் தூள்ல பாதி போயிருச்சு. இன்னொரு தடவை இப்பிடி ஆச்சுன்னா திருகைக் கழட்டிருவேன். ஒங்களுக்கு அந்த எடத்துல எலும்பு ரொம்ப மெல்லிசு. மறுபடி வைக்க வழியிருக்குமான்னு சொல்ல முடியாது. அப்பறம் அந்த ரெண்டு நல்ல பல்லையும் சீவ வேண்டியதுதான். இல்லாட்டி பிளேட்டு."

"எப்ப வரைக்கும் இழுக்கக் கூடாது?"

"நான் சொல்ற வரைக்கும்."

"சீசன் நடக்குது டொக்டர்."

"எலும்புக்கு சீசன் தெரியாது."

நியாயமான பேச்சு. ஆனால் எனக்கு அழுகை வந்தது. முப்பது வருடத்துக்குப் பக்கமாக ஒரு சீசனையும் நான் தவறவிட்டதில்லை. அந்த மாடிப்படியை விட்டு இறங்கும்போது நான் டீமேக்கர்தானா என்று எனக்கே தெரியவில்லை.

தொரைக்குத் தெரிந்திருந்தது. மறுநாள் கூப்பிட்டார். "இந்த சீசன் யோகநாதன் பாக்கட்டும். நீங்க கூட இருங்க. முடிஞ்ச பொறகு பேசுவோம். ஒபிஸ் பக்கமும் ஒரு எடம் காலியாகுது" என்றார். ஒபிசில் கிளார்க்குக்கும் டீ வரும், சீனி போட்டு.

கரண்டி

அந்த சீசனை நான் மூக்கால் நடத்தினேன்.

விடியுமுன் மேல்மாடிக்குப் போய் வாடிய கொழுந்தைக் கைப்பிடியாக அள்ளி முகர்வேன். அரைத்து ஆறவைத்த கொழுந்து பச்சையிலிருந்து செம்பு நிறத்துக்கு மாறும்போது பக்கத்தில் நின்று இப்போது, இப்போது என்று நேரம் சொல்வேன். அதுவரைக்கும் எனக்குச் சிக்கல் இல்லை. காலையில் மேசைக்கு முன்னால் நிற்கிறபோதுதான் உயிர் போகும். யோகநாதன் இழுப்பான். நான் அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பேன்.

"எப்பிடி?"

"சுமார்தாங்க ஐயா."

மறுநாளும் சுமார். அதற்கடுத்த நாளும் சுமார்தான். காற்று நன்றாக அடித்தது. கொழுந்தும் நன்றாக இருந்தது. என் மூக்கு ஒன்று சொல்ல, அவன் நாக்கு வேறு சொன்னது. அவன் சுமார் என்றதை வைத்து வாட்டத்தைக் கூட்டலாமா, அரைக்கிற நேரத்தைக் குறைக்கலாமா என்று தொரை கேட்கத் தொடங்கினார். நல்ல கொழுந்தைத் திருத்தப் போய்க் கெடுத்துவிட்டால் அந்த சீசனே போய்விடும். அவனுக்கு நாக்கு இல்லையா? இல்லை, என் மூக்குத்தான் கிழடாகிவிட்டதா? இரண்டில் ஒன்றுக்குப் பதில் தெரிந்தாக வேண்டியிருந்தது.

ஒருநாள் ஆறவைத்த தரையிலிருந்து எழும்பிய வாசத்தில் எனக்கு உடம்பு சிலிர்த்தது. இதுதான், இன்றைக்குத்தான் என்று சத்தம் போட்டுச் சொல்ல வேண்டும்போல இருந்தது. மறுநாள் காலையில் அந்தத் தேயிலை கோப்பையில் ஊறி நின்றது. ஓரத்தில் பளபளவென்று ஒரு மஞ்சள் வளையம். தொரையும் வந்திருந்தார்.

யோகநாதன் இழுத்தான். "பரவாயில்லீங்க" என்றான்.

என் கை தானாகப் போய் ஒரு கரண்டியை எடுத்தது. டீயை மொண்டது. ஒரே ஒரு இழுப்பு. யார் என்ன சொல்லிவிடப் போகிறார்கள்? கரண்டி உதடு வரைக்கும் வந்துவிட்டது. ஆவி மூக்கில் பட்டது. ஈறுக்குள்ளே திருகு இருக்கிற இடம் விண்ணென்று தெறித்தது, அல்லது எனக்கு அப்படித் தோன்றியது. அந்த வெள்ளைக் கோப்பையின் சிவப்பு கண்ணுக்குள் வந்து நின்றது.

தொரை தடுக்கவில்லை. யோகநாதன் மட்டும், "ஐயா, வேணாங்க" என்றான்.

கரண்டியைக் கீழே வைத்தேன். வைத்துவிட்டு அவனைப் பார்த்தேன். இத்தனை நாளும் அவன் சத்தமில்லாமல் உறிஞ்சுவதைப் பார்த்து எரிச்சல்பட்டேனே தவிர, அதற்கு என்ன அர்த்தம் என்று யோசிக்கவில்லை. அவனுடைய இழுப்பில் காற்றே இல்லை. காற்று இல்லாமல் வாசம் எப்படி மேலே ஏறும்?

"சத்தமா இழு" என்றேன்.

அவன் தலையைக் குனிந்தான்.

"நான் லீவுல போறப்ப இந்த மேசையை யாரு பாப்பா?"

"நான்தாங்க."

"அப்ப எப்பிடி இழுப்ப?"

அவன் தொரையைப் பார்த்தான். பிறகு மெல்லச் சொன்னான்: "அப்ப சத்தமாத்தான் இழுப்பேனுங்க. ஒங்க முன்னுக்கு எப்பிடிங்க ஐயா? அதுவும் இப்ப... நீங்க இழுக்க முடியாம நிக்கிறப்ப நான் சர்ருன்னு இழுத்தா அது என்னா மரியாதைங்க?"

எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம்போல இருந்தது. எங்கள் பக்கத்தில் பெரியவர்கள் முன்னால் கால்மேல் கால் போட மாட்டார்கள். வெற்றிலை போட மாட்டார்கள். இவன் அதே கணக்கில் டீயையும் சேர்த்திருக்கிறான்! மேசைக்கு வந்த நாளிலிருந்து என் முன்னால் ஒரு தடவைகூட இவன் ஒழுங்காக இழுத்ததே இல்லை. நான் இவனுக்கு நாக்கே இல்லை என்று வைத்திருந்தேன்.

"யோகநாதா, மரியாதையைத் தூக்கி அந்தப் பக்கம் வை. ஸ்டோருக்கு வெளியில நிக்கிறவனுக்குக் கேக்கணும். இழு!"

கண்ணை மூடிக்கொண்டு இழுத்தான். பட்டுப்புடவையைக் கிழித்ததுபோல ஒரு சத்தம். தொரை திடுக்கிட்டார். யோகநாதன் அசையாமல் நின்றான். துப்ப மறந்துவிட்டான். விழுங்கியும் விட்டான். கண் திறந்தபோது கலங்கியிருந்தது.

"ஐயா" என்றான். "வந்துருச்சுங்க. மூக்கு, கண்ணு, நெத்தியெல்லாம் குளுகுளுன்னு... அதேதாங்க."

தொரை என் கையைப் பிடித்துக் குலுக்கினார். எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. கூடவே வயிறு எரிந்தது என்பதையும் மறைப்பானேன். நான் உண்டாக்கிய வாசம் என் வாய்க்கு வராமல் இன்னொருவன் வாயில் இருந்தது. முன்பல் இல்லாத வாயை மூடிக்கொண்டு, அந்தப் பழைய போட்டோக்காரர்களைப்போல நின்றேன்.

மூன்று தலைகள்

காற்று போனது. மழை வந்தது. படத்தைப் பார்த்து ஒருநாள் டொக்டர், "எலும்பு புடிச்சிருச்சு" என்றார். பல் செய்ய அளவெடுத்தார். எனக்கு முன்பற்கள் இரண்டுக்கும் நடுவே பிறந்ததிலிருந்தே ஒரு சின்னச் சந்து உண்டு. அதை அடைத்துவிடவா என்று கேட்டார். பாதிக் காற்று அந்த வழியாகத்தான் வரும், இருந்தபடியே இருக்கட்டும் என்றேன்.

"சரி. ஆனா ஒரு நிபந்தனை. மொத இழுப்பு என் முன்னுக்குத்தான். நான் பாக்கணும்."

பல் மாட்டுகிற நாளில் யோகநாதனும் எங்களோடு பதுளைக்கு வந்தான். கையில் வெந்நீர்ப் பிளாஸ்க், கரண்டி, வெள்ளைக் கோப்பை, மூடி இறுக்கிய ஒரு சிறிய டின். அவன் சத்தமாக இழுத்த அன்றைய தேயிலையில் ஒரு பிடியை எனக்காக எடுத்து வைத்திருந்திருக்கிறான். யாரிடமும் சொல்லவில்லை.

கருவிகள் வைக்கிற மேசையில் டீ ஊறியது. மருந்து வாசத்தை அது மெல்ல ஒதுக்கித் தள்ளியது. புதுப் பல்லை நாக்கால் தொட்டுப் பார்த்தேன். வழுவழுப்பாக, அந்நியமாக இருந்தது. கரண்டியை எடுத்தேன். அது டீக்கு மேலேயே நின்றது.

"பயமா?" என்றார் டொக்டர்.

"ஆமாங்க."

இழுத்தேன். வெளியே காத்திருந்தவர்களில் ஒரு குழந்தை வீரிட்டு அழுதது. சரோஜா முகத்தை மூடிக்கொண்டாள்.

வெள்ளைக் கோப்பையில் துப்பினேன். டொக்டர், சரோஜா, நான் என்று மூன்று தலைகள் குனிந்தன. டொக்டர் விளக்கை இழுத்து, கோப்பையைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தார். "ரத்தம் இல்ல" என்றார். "டீ மட்டுந்தான்."

யோகநாதன் மட்டும் கோப்பையைப் பார்க்கவில்லை. என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"ஐயா, டீ?"

கண்ணைத் துடைத்துக்கொண்டு கரண்டியை அவன் கையில் கொடுத்தேன்.

"இன்னும் ஒரு கரண்டி மொண்டு குடு" என்றேன். "இதைத் துப்ப மாட்டேன்."